தொண்டை போன கண்டக்டர்

செப்டம்பர் 3, செவ்வாய்

இந்த நோட்டைக் கொடுத்தது ஜெசிந்தா மேடம். மதுரை பெரியாஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். "வாயால பேச முடியாததை இதுல பேசுங்க சார், கோபம் குறையும்" என்றார். கோபத்தைக் குறைக்கச் சொல்லி நான் மனுக் கொடுத்தேனா? எனக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பலாம் என்று பார்க்கிறார்கள்.

பெயர் வீரணன். வயது ஐம்பத்தொன்று. அரசு பஸ்ஸில் கண்டக்டர், மதுரை ரூட், இருபத்தாறு வருட சர்வீஸ். தொண்டையில் புற்று என்று சொல்லி மே மாதம் குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு முப்பது நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். இப்போது மூச்சு விடுவது கழுத்தில் போட்டிருக்கும் ஓட்டை வழியாக. மூக்கும் வாயும் முகத்துக்கு அழகுக்குத்தான். மணம் தெரியாது. காபியை ஊதிக் குடிக்க முடியாது, ஊதினால் காற்று கழுத்தில் வருகிறது. நேற்று நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

எதனால் வந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். ரோட்டுத் தூசி. நாலு வழிச் சாலை போடுகிறேன் என்று மூன்று வருடமாக மண்ணைக் கிளப்பினார்கள். பீடி உண்டா என்று டாக்டர் கேட்டார். எப்போதாவது என்றேன்.

அக்டோபர் 15 அன்று மெடிக்கல் போர்டு. அதற்குள் பேச்சு வந்தால் மறுபடி பஸ். வராவிட்டால் டெப்போ கேட்டில் ஒரு நாற்காலி, வருகிற வண்டிக்கும் போகிற வண்டிக்கும் டிக் அடிக்கும் வேலை. அந்த நாற்காலியில் உட்கார்வதற்கு நான் மே மாதமே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

செப்டம்பர் 5, வியாழன்

காலை ஐந்துக்கு விழிப்பு. சளி. குழாயைக் கழட்டிக் கழுவி மாட்டினேன். பேச ஒன்றுமில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

பயிற்சி என்னவென்று எழுதிவைக்கிறேன். காற்றை விழுங்க வேண்டும். அது வயிற்றுக்குள் போவதற்குள் ஏப்பமாகத் திருப்பி விட வேண்டும். அந்த ஏப்பத்தை உதட்டாலும் நாக்காலும் வெட்டினால் 'பா', 'டா', 'கா' என்று வருமாம். அப்படியே வளர்த்தால் பேச்சாகிவிடுமாம். நாகரிகமான மனிதன் சாப்பிட்ட பிறகு அடக்குகிற விஷயத்தை வைத்துக்கொண்டு நான் பேச வேண்டும்.

நான் 'உள்ள போ' என்றால் கடைசி சீட் வரைக்கும் கேட்கும். 'ஹோல்டான்' என்றால் பஸ்ஸுக்கு வெளியே சைக்கிளில் போகிறவனும் பிரேக் பிடிப்பான். அந்தத் தொண்டைக்கு இந்தப் பரிகாரம்.

இதை ஆள் இருக்கும் இடத்தில் செய்ய மாட்டேன். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுச் செய்கிறேன். ஒரு மணி நேரத்தில் மூன்று 'பா' வந்தது. மேல் தொட்டி காலி. என் மனைவி ராக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் மோட்டார் போட்டாள்.

அவள் எதையும் சொல்வதில்லை. அதுதான் எரிச்சல். மருந்தைக் கரைத்துத் தருகிறாள், கழுத்துத் துணியைத் துவைத்துக் காயப்போடுகிறாள், முகத்தைப் பார்க்கிறாள், போகிறாள். சொல்ல வேண்டியதைச் சொல்லித் தொலைக்கலாம். சொல்ல மாட்டாள்.

செப்டம்பர் 14, சனி

என் வீட்டில் சத்தம் கூடிவிட்டது.

அடுப்படியில் ரேடியோ. எப்போது வாங்கினாள் என்று தெரியவில்லை. அதனோடு சேர்ந்து பாடுகிறாள். இருபத்துமூன்று வருடம் இவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், இவள் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. மகள் சுகன்யா, பி.காம் மூன்றாம் வருடம், போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தபடியே சிரிக்கிறாள். முன்பெல்லாம் நான் வீட்டில் இருந்தால் புத்தகமும் கையுமாகத்தான் இருப்பாள். இப்போது படிப்பு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு மேரி வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வாசலோடு பேசிவிட்டுப் போகிறவள். "இப்பத்தான் ராக்கு உங்க வீட்டுக்குள்ள வந்து உக்காரணும்னு தோணுது" என்றாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று விளங்கவில்லை. அனுதாபமாக இருக்கும்.

டம்ளரைத் தரையில் ஓங்கி வைத்தேன். ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். முன்பு நான் ஒரு செருமல் செருமினால் போதும்.

செப்டம்பர் 21, சனி

பால்ச்சாமி வந்தான். என் டிரைவர். பதினோரு வருடம் ஒரே வண்டி. நான் நோட்டில் எழுதிக் காட்டினால் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான், அதற்குள் எனக்குச் சொல்ல வேண்டியது மறந்துவிடுகிறது.

"நீ இல்லாம வண்டி வண்டியாவே இல்ல மாப்ள. புதுப் பையன் டிக்கெட்டக் கிழிக்கிறதிலயே குறியா இருக்கான். பின்னாடி யாரு ஏறுறா, யாரு எறங்குறான்னு பாக்குறதே இல்ல."

நான் ஒருநாள் உன்கூட வருகிறேன் என்று எழுதினேன். டூட்டியாக இல்லை, சும்மா பயணியாக. பின் படிக்கட்டைப் பார்த்துக்கொள்கிறேன். போர்டில் போய் நிற்பதற்கு முன்னால் எனக்கே ஒரு தைரியம் வேண்டும்.

"பேச்சு வராம எப்படிரா?"

பேச்சு எதற்கு, இருபத்தாறு வருடம் பார்த்த படிக்கட்டு என்று எழுதினேன். தலையைச் சொறிந்தான். நான் முறைத்தேன். சரி என்றான்.

செப்டம்பர் 27, வெள்ளி

பால்ச்சாமி மாதிரி ஒரு மடையன் இந்தச் சீமையில் கிடையாது. பதினோரு வருடம் ஓட்டியவனுக்குப் பின் கண்ணாடியைப் பார்க்கத் தெரியாதா? புதுக் கண்டக்டர் முன்னால் நின்றுகொண்டு கிளம்பச் சொல்லி இரண்டு விசில் கொடுத்தான், இவன் எடுத்துவிட்டான். செக்கானூரணி ஸ்டாப்பில் ஒரு அம்மாள் ஒரு காலைக் கீழே வைத்து ஒரு காலைப் படியில் வைத்திருந்தாள். விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆண்டவன் புண்ணியம், சக்கரத்தில் போகவில்லை. கூட்டம் கூடிவிட்டது. பால்ச்சாமி என்னைக் கூட்டத்துக்குள் தள்ளி, "நீ போயிரு, நீ வண்டியிலேயே இல்ல" என்றான். இன்னொரு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

பாவம் அந்த அம்மாள். தினமும் கீரைக்கட்டோடு ஏறுகிறவள்தான்.

செப்டம்பர் 28, சனி

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன்.

அந்த அம்மாளுக்கு இரண்டு அடி தள்ளி நான் நின்றேன். அவள் கால் இன்னும் படியில் இருந்ததைப் பார்த்தேன். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினேன். சத்தம் வரவில்லை. காற்று கழுத்துத் துணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிற்று. மறுபடி ஊதினேன். மூன்றாவது முறையும் ஊதினேன்.

பஸ் தகரத்தில் கையால் ஒரு அடி அடித்திருந்தால் போதும். பால்ச்சாமி நிறுத்தியிருப்பான். கூட்ட நேரத்தில் காலேஜ் பிள்ளைகள்கூட அதைத்தான் செய்வார்கள். எனக்குத் தோன்றவில்லை. மூச்சு இல்லாத வாயில் விசிலை வைத்துக்கொண்டு நின்றேன், அவள் விழுகிற வரைக்கும்.

இதை யாரும் பார்க்கவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

பால்ச்சாமிக்கு மெமோ. பத்தாம் தேதி விசாரணை. நான் வண்டியில் இருந்ததை அவன் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? இவனிடம் யார் கேட்டது? நான் இருந்தேன் என்று சொல்லியிருந்தால் அவனை விட்டுவிடுவார்கள், பழி என் தலையில் விழும், போர்டும் அதோடு முடியும். என்னைக் காப்பாற்றுகிறாராம். இவன் காப்பாற்றி நான் பஸ் ஏற வேண்டுமா?

பேச்சுப் பயிற்சி: 'பா' பதினைந்து, 'டா' எட்டு, 'கா' நான்கு. 'அப்பா' என்று ஒரு முறை வந்தது. என் மகள் என்னைக் கூப்பிடுகிற வார்த்தையை நான் குளியலறைச் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

அக்டோபர் 9, புதன்

நாளைக்கு விசாரணை. மூன்று பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒவ்வொன்றிலும் புதுக் கண்டக்டரின் தப்பு முதலில் வருகிறது, ரோடு வருகிறது, கூட்டம் வருகிறது. கடைசியில்தான் நான் வருகிறேன். படித்துப் பார்த்தால் எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

நாலாவதில் முதல் வரியிலேயே என் பெயரை எழுதினேன். நான் பின் படிக்கட்டில் பொறுப்பு ஏற்று நின்றேன், நிறுத்தச் சொல்ல என்னால் முடியவில்லை, டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து நான் இருக்கிறேன் என்ற நம்பிக்கையில்தான் எடுத்தார். எட்டு வரி. இதைக் கொடுத்தால் பஸ் போய்விட்டது என்று தெரியும். மனசாட்சி கினசாட்சி ஒன்றும் இல்லை. ஆத்திரத்தில்தான் எழுதினேன். இருபத்தாறு வருட சர்வீஸில் ஒருவன் தயவில் நான் வண்டி ஏறியது கிடையாது.

அக்டோபர் 10, வியாழன்

கொடுத்துவிட்டேன். பால்ச்சாமி வெளியே வந்து, "கூறு கெட்டவனே, போர்டு வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருக்க முடியாதா ஒனக்கு?" என்று திட்டினான். வாயை மூடிக்கொண்டு இருக்கிறவனிடம் இப்படி ஒரு கேள்வி. அவனுக்கே அது உறைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். டீ வாங்கிக் கொடுத்தான். ஆற்றித் தந்தான்.

அக்டோபர் 15, செவ்வாய்

போர்டு. ஐந்து நிமிடம். கண்டக்டர் பணிக்குத் தகுதியில்லை, மாற்றுப் பணி. கேட்.

அக்டோபர் 16, புதன்

ஒன்றுமில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

பயிற்சியை நிறுத்திவிட்டேன். யாருக்குப் பேச வேண்டும்? கேட்டில் வரும் வண்டிக்கு டிக் அடிக்க ஏப்பம் வேண்டாம். ராக்கு குளியலறைப் பக்கம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சுகன்யாதான், "தொட்டியில தண்ணி நெறஞ்சிருக்குப்பா" என்றாள். போ என்று கையைக் காட்டினேன்.

அக்டோபர் 23, புதன்

செக்கப்புக்குப் போனேன். ஜெசிந்தா மேடம் பிடித்துக்கொண்டார்.

"சார், வார்டுல ஒருத்தர் ஆபரேஷன் வேண்டாம்னு அடம் பிடிக்கிறார். உங்களுக்கு வந்ததேதான். டாக்டர் சொல்லியாச்சு, நான் சொல்லியாச்சு. நீங்க ஒரு தடவ பாருங்களேன்."

நான் என்ன காட்சிப் பொருளா என்று எழுதிக் காட்டினேன். "ஆமா சார்" என்றார். இந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் அதிகம்.

அவர் பெயர் சோணைமுத்து. நாற்பத்துநாலு வயது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு விளம்பரம் சொல்லும் தொழில். ஜவுளிக்கடை, கோயில் கும்பாபிஷேகம், கட்சிக் கூட்டம், இறப்புச் செய்தி எல்லாம். படிக்கத் தெரியாதாம். காலையில் மனைவி அழகம்மா நோட்டீஸை இரண்டு முறை படித்துக் காட்டினால் நாள் முழுக்க ஒரு எழுத்து பிசகாமல் சொல்வாராம். கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். குரல் கரகரவென்று இருந்தது. எனக்கு அந்தக் கரகரப்பு நன்றாகத் தெரியும்.

நான் நோட்டில் எழுதினேன். பயப்பட வேண்டாம், எனக்கும் இதே ஆபரேஷன்தான், சாப்பிடுகிறேன், நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன், பயிற்சி செய்தால் பேசவும் செய்யலாம். அழகம்மா சத்தமாகப் படித்தாள். பேப்பரைப் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

சோணைமுத்து கேட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "இது நீ பேசுறது. அவரு பேசலாம்னு எழுதிருக்காருல்ல, அவரப் பேசச் சொல்லு."

நான் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"பேசுங்கண்ணே. ஒரு வார்த்த. நான் கேட்டுட்டு இப்பவே கையெழுத்துப் போடுறேன். இல்ல, கைநாட்டு வைக்கிறேன்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நர்ஸ் பார்த்தாள். நான் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பின்னாலிருந்து அவர் சொன்னது கேட்டது. "பாத்தியா? தீவாளி முடியட்டும். கடக்காரங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், பேசி முடிச்சிட்டுப் பாத்துக்கிருவோம்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் காது சுட்டது. ஊர் முழுக்கக் கத்திப் பிழைக்கிற ஒருவன் என்னை வாயைத் திற என்கிறான். அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது?

அக்டோபர் 24, வியாழன்

கேட் டூட்டி. நாற்பத்துமூன்று வண்டி உள்ளே, நாற்பத்தொன்று வெளியே.

வீட்டுக்கு வந்து குளியலறையில் நின்றேன். குழாயைத் திறக்கவில்லை. கதவையும் சாத்தவில்லை. சாத்தக்கூடாது என்று ஒன்றும் திட்டமில்லை, சாத்துகிற பொறுமை இல்லை. இரண்டு மணி நேரம் செய்தேன். காற்றை விழுங்கி விழுங்கி வயிறு உப்பிவிட்டது. வாந்தி வந்தது. மறுபடி செய்தேன். அடுப்படியில் ரேடியோ நின்றிருந்தது.

அக்டோபர் 25, வெள்ளி

லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸுக்கே போனேன். நான் போகும்போது சோணைமுத்து பையைக் கட்டிக்கொண்டிருந்தார். அழகம்மா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஜெசிந்தா மேடம் கேஸ் ஷீட்டோடு நின்றார். தன் விருப்பப்படி போகிறேன் என்று ஒரு தாளில் அவர் கைநாட்டு வைக்க வேண்டியதுதான் பாக்கி.

"வாங்கண்ணே" என்றார் சோணைமுத்து. "தீவாளி முடியட்டும்ணே. ஒரு வாரத்துல என்ன ஆகப்போகுது?"

இதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அவர் கையிலிருந்த பையைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தேன். காற்றை விழுங்கினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி விழுங்கினேன். வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

"நானும்" என்றேன்.

தவளை கத்துவது போல்தான் இருந்தது. யாரையோ பார்க்க வந்திருந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை.

"நானும். சொன்னேன். சித்திர. முடியட்டும்னு."

ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு முறை காற்றை விழுங்க வேண்டியிருந்தது. சோணைமுத்து வாயைப் பிளந்து கேட்டார். கேட்டதை அப்படியே சொல்வதைத் தொழிலாக வைத்திருக்கிறவர், ஒரு எழுத்தையும் விடவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"சித்திரத் திருவிழாவாண்ணே? ஸ்பெஷல் பஸ்ஸுக்கா?"

தலையை ஆட்டினேன்.

"அப்புறம்?"

கழுத்துத் துணியை அவிழ்த்தேன். ஓட்டையைக் காட்டினேன். நான் மூச்சு விடுகிறபோது அது ஈரமாக அசைவதை அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார். "வேற என்ன சொல்வீங்கண்ணே? இன்னொரு வார்த்த சொல்லுங்க."

"பேசு" என்றேன். "கத்து. திட்டு. முடியும். செத்தா. முடியாது."

எனக்கு மூச்சு வாங்கியது, வேர்த்து ஊற்றியது. அழகம்மா என் காலைத் தொட வந்தாள், நான் எட்டிப் போனேன். சோணைமுத்து மேடத்தைப் பார்த்து, "அந்தத் தாளு வேண்டாம்மா. வேற தாளக் குடுங்க" என்றார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மாசி மாதம் குரல் கட்டியபோதே போயிருந்தால் வெறும் கரண்ட் வைத்தே தீர்த்திருக்கலாம், குரல்வளை தப்பியிருக்கும். இதை மே மாதமே டாக்டர் சொன்னார். ராக்கு பக்கத்தில் இருந்தாள். தூசி இல்லை. பீடி ஒரு நாளைக்கு ஒரு கட்டு, சில நாள் ஒன்றரை. மாசியில் ராக்கு விடியற்காலையில் எழுந்து போய் வரிசையில் நின்று எனக்குத் தொண்டை டாக்டரிடம் டோக்கன் வாங்கி வந்தாள். நான் அதை வாசலில் வைத்துக் கிழித்தேன். சித்திரைத் திருவிழா டூட்டியை விட்டுவிட்டு வைத்தியம் பார்க்க என்ன அவசரம் என்று தெருவே கேட்கக் கத்தினேன். மேரி கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று பார்த்தாள். அப்போது எனக்குக் கத்துகிற தொண்டை இருந்தது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. புகைக்குப் பயந்து நாள் முழுக்க வீட்டுக்குள். சோணைமுத்துவுக்குத் திங்களன்றே ஆபரேஷன் முடிந்தது, நல்லபடியாக இருக்கிறார் என்று மேடம் செய்தி அனுப்பியிருந்தார். இனி புதன்தோறும் வார்டுக்கு வர முடியுமா என்றும் கேட்டிருந்தார். மாதம் நாலைந்து பேர் இப்படிப் பாதியில் ஓடிவிடுகிறார்களாம். ஓடுகிறவனை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வருகிறேன் என்று பதில் போட்டேன். வார ஓய்வைப் புதனுக்கு மாற்றித் தரச் சொல்லி டெப்போவில் எழுதிக் கொடுக்க வேண்டும். தராவிட்டால் சண்டைதான்.

நவம்பர் 6, புதன்

மாற்றித் தந்துவிட்டார்கள். சண்டைக்கு வழியில்லாமல் போயிற்று.

சோணைமுத்து மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கையைக் காட்டி அருகில் கூப்பிட்டார். பேச்சு இல்லாத முதல் வாரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கண் முழுக்க ஆத்திரம். நல்லதுதான், ஆத்திரம் இருக்கிறவன் பயிற்சி செய்வான். காற்றை எப்படி விழுங்குவது என்று செய்து காட்டினேன். புண் ஆறியபிறகுதான் செய்ய வேண்டும் என்று கையாலும் வாயாலும் இரண்டு முறை சொன்னேன். இந்த வாரம் எனக்கு மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் ஒரே மூச்சில் வந்தது. இன்னொரு வார்டில் ஒரு பெரியவர், பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்தவர், அடுத்த வாரம் ஆபரேஷன். அவரிடமும் பேசினேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். காதை விடுகிற வரைக்கும் பேசினேன்.

கிளம்பும்போது அழகம்மா சொன்னாள். "அண்ணே, நாங்க முன்னப்பின்ன தெரியாதவங்க, எங்களுக்கே இம்புட்டுச் செரமப்பட்டுப் பேசுறீங்க. வீட்ல அக்காகிட்ட எம்புட்டுப் பேசுவீங்க. அவங்க குடுத்து வச்சவங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். செக்கானூரணி போனது, ஸ்டாப்பைப் பார்க்கவில்லை. நான் இந்தக் குரலில் ராக்குவிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

நவம்பர் 7, வியாழன்

நேற்றுச் சாயங்காலம் நடந்ததை இன்று கேட் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுத முடியவில்லை, காரணம் கடைசியில் வரும்.

ராக்கு கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். ரேடியோ ஓடியது. நான் போய் எதிரே தரையில் உட்கார்ந்தேன். ரேடியோவை நிறுத்தினேன். அவள் கை நின்றது. நான் எதற்கோ கோபமாக வந்திருக்கிறேன் என்று நினைத்து முகத்தைத் தயார்செய்துகொண்டாள். அந்த முகம் எனக்குப் பழக்கமான முகம். நேற்றுத்தான் அதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

காற்றை விழுங்கினேன்.

"நீ அப்பவே சொன்ன."

அவள் அவரைக்காயைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"என்ன சொன்னேன்?" என்றாள்.

தெரியாமல் கேட்கவில்லை. என் வாயால் வர வேண்டும் என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த கோபத்திலேயே சொன்னேன்.

"மாசியில. டாக்டர்கிட்ட. போகச் சொன்ன. டோக்கன். கிழிச்சேன்."

ராக்கு எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"கிழிச்சீங்க" என்றாள். "நடுத்தெருவுல வச்சுக் கிழிச்சீங்க. மூணரை மணிக்கு எந்திரிச்சுப் போயி வாங்கினது. மேரிக்கா முன்னாடி என்னைய என்ன சொன்னீங்க? சொல்லுங்க. எனக்கு மறக்கல. என்னைய என்ன வார்த்த சொன்னீங்க?"

அந்த வார்த்தை எனக்கு நினைவிருந்தது. இந்தக் குரலில் அது வராது. எந்தக் குரலிலும் இனி வராது.

அவள் நிறுத்தவில்லை. அவளுடைய தம்பி கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தவளைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டி வந்தது. சுகன்யா பிளஸ் டூ ரிசல்ட் அன்று மார்க்கைச் சொல்வதற்குள் நான் கத்தியது. உப்பு, உறைப்பு, சாவி, செருப்பு, நான் கத்தாத சாமான் வீட்டில் இல்லை என்று பட்டியல் போட்டாள். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டு என்று எனக்குத் தெரியாது. என்னுடையது போன இடத்தில் அது நன்றாகவே நின்றது. மேரி வாசல் வரைக்கும் வந்து, பார்த்துவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு போனாள். சுகன்யா அறையை விட்டு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"உங்கப்பா சத்தம் கேட்டா நீ எதுக்குடி புஸ்தகத்தத் தூக்குவ? சொல்லு" என்றாள் ராக்கு.

"படிக்கிறதுக்கு இல்லம்மா" என்றாள் சுகன்யா. "படிச்சா கூப்புட மாட்டாரு."

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. இவ்வளவுக்கும் பதில் வாயால் சொல்ல ஆகாது. வழக்கம்போல நோட்டையும் பேனாவையும் எடுத்தேன். ராக்கு பார்த்துவிட்டாள்.

"எழுதாத" என்றாள். இருபத்துமூன்று வருடத்தில் முதல் முறையாக என்னை ஒருமையில் சொன்னாள். "கேளு. இந்த வீட்ல இத்தன வருஷமா ஒரு ஆளுதான் பேசினது. இப்ப நான் பேசுறேன். நீ கேளு."

நோட்டை மூடி வைத்தேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டேன். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் பேசினாள். நடுவில் குடிக்கத் தண்ணீர் கேட்டாள், சுகன்யா எழுந்தாள், நான் போய்க் கொண்டுவந்தேன். குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். கடைசியில் அவளுக்கே தொண்டை கட்டிவிட்டது.

"இன்னும் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவரைக்காயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

எனக்கு நாலு மணிக்கு டூட்டி முடிகிறது. பால்ச்சாமி டீக்குக் கூப்பிட்டான், வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மீதியையும் கேட்க வேண்டும்.